ஒரு மாத்திரை குறைவு

— இரு, தம்பி. இந்த மன்னர் எங்கேருந்து வந்தார்?

— வந்துட்டார் அக்கா. மேலே படி.

— "ஏரியின் எழில் கண்டு மயங்கிய மன்னர் ஒருவர், ஓடும் இரயிலை நிறுத்தி இறங்கி, இரு கைகளாலும் நீரள்ளிப் பருகி, 'இவ்விடத்தில் என்றென்றும் இரயில் நிற்கக் கடவது' என்று ஆணையிட்டார்." எந்த மன்னர்?

— பேர் போடல. பேர் போட்டாத்தானே மாட்டிக்குவோம்.

— இந்தத் தண்டவாளம் போட்டப்ப இந்தப் பக்கம் மன்னரே கிடையாது.

— சரி, ஆளுநர்னு மாத்திக்கலாமா?

— ஆளுநர் ஏரித் தண்ணியைக் கையால அள்ளிக் குடிப்பாரா?

— தாகம் எடுத்தா ஆளுநரும் ஆளுதானே. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு ஒரு முழு ஞாயித்துக்கிழமை போச்சு. நீ எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுன்னுதானே கூப்பிட்டேன்?

— பாத்துட்டேன். ஒற்று விட்டது ஆறு இடம். றகரம் ரகரமானது ரெண்டு இடம். பொருட்பிழை ஒண்ணு. அது கிரீடம் வெச்சுக்கிட்டு நட்ட நடுவுல உக்காந்திருக்கு.

— அவரை எழுப்பிடாதே அக்கா. அவரை விட்டா எனக்கு வேற நாதி இல்ல.

— ரயில்வே அச்சகத்துல முப்பத்துநாலு வருஷம் மெய்ப்பு பாத்தவ நான். பொய்யைத் திருத்தி, அதுக்கு ஒற்றும் போட்டு, அழகாக் குடுக்கச் சொல்றியா? எழுத்து பொய் சொல்லக்கூடாது, தம்பி. வாய் சொல்லலாம், காத்தோட போயிடும். எழுத்து நிக்கும்.

— நிக்கணும்னுதான் நானும் சொல்றேன். எழுத்து நிக்கிறது இருக்கட்டும், ரயில் நிக்கணுமில்ல? பத்து நாப்பது வண்டியில ரயில்வே ஆய்வாளர் ஒருத்தர் வர்றார். வந்து ஒரே கேள்வி கேப்பார்: 'இங்க ரயில் நிக்கணும்னு ஆணை எங்கே?' ஆணை இல்லாத நிறுத்தம் எதுவும் அடுத்த டைம்டேபிள்ல இருக்காதாம். கடுதாசி வந்து மூணு வாரம் ஆச்சு. இந்த அறையில இருக்கிற காயிதம் பூராவும் கவுத்துப் பாத்துட்டேன். பல்லி முட்டை கிடைச்சுது, ஆணை கிடைக்கல.

— அந்தப் பெட்டியில?

— அதுல பழைய பேனா நிப்பும் பூட்டில்லாத சாவியும். நீ ஏன் நின்னுக்கிட்டே இருக்கே, உக்காரு. பாத்து, அந்த நாற்காலிக்கு மூணு கால்தான். நாலாவது கால் சுவர். சாய்ஞ்சே உக்காரணும்.

— உன் வரலாறு மாதிரியே இருக்கு, நாற்காலி.

— சிரிச்சுக்கோ. நாளைக்கு இந்த டிக்கெட் ஜன்னலை மூடிட்டா நான் எங்கயாவது ஒரு மூலையில கிடந்துக்குவேன், அது பெரிசில்ல. தையல்காரர் இருக்காரே, வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டு வர்றார். ஏரியைச் சுத்தி ஜங்ஷனுக்கு ஏழு மைல். அந்த மனுஷன் நடப்பாரா? ஏழரை வண்டிக்கு வர்ற காலேஜ் பொண்ணுங்க பத்தொம்பது பேர். நர்சம்மா. கண்ணாடித் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் போறவங்க. நாம சின்னவங்களா இருந்தப்ப இந்தக் கரையில எத்தனை வீடு?

— நாப்பது.

— இப்போ முந்நூத்திப் பத்து. எல்லாம் இந்த ரெண்டு பெட்டி நீள மேடையில இறங்கி வந்து கட்டின வீடு. மூணாவது பெட்டியில வர்றவன் குதிச்சு இறங்கிக் கட்டினான். ஒரு பெஞ்சு, ஒரு குழாய், ஒரு ஜன்னல், அதுக்குப் பின்னாடி நான். இதை வெச்சுக்கிட்டு ஒரு ஊரையே நிமித்தியிருக்கோம். இப்போ வந்து 'ரசீது காட்டு'ன்னா என்ன நியாயம்?

— இதை ஏன் நீ எழுதல?

— எதை?

— இப்போ சொன்னியே, அதை. மன்னரை விட இது நல்லா இருக்கு.

— நல்லா இருந்து என்ன? அவருக்கு வேண்டியது ஆரம்பம். முதல் முதல்ல யார் சொல்லி நின்னுச்சு? அது எனக்குத் தெரியாது. அதான் மன்னர்.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— அந்தத் துணிப்பையை எடு. ரெண்டு புத்தகம் இருக்கு. நீல அட்டை போட்டதை முதல்ல பிரி. பன்னண்டாம் பக்கம், எட்டாவது வரி.

— இது பழைய டைம்டேபிள். நாப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி வந்தது. எட்டாவது வரி... நம்ம ஏரி. நேரம் போட்டிருக்கு, பக்கத்துல 'நி'. அக்கா, 'நி'ன்னா நிறுத்தம். அச்சுல இருக்கே. இதை விட என்ன ஆணை வேணும்? இதை ஏன் இவ்வளவு நாள் பையில வெச்சிருந்தே?

— அவசரப்படாதே. இப்போ சிவப்பு அட்டை. அதுக்கு முந்தின வருஷத்தது. அதே பக்கம், அதே வரி.

— ஏரி. அதே நேரம். பக்கத்துல... 'நீ'. 'நீ'ன்னா யாரு? நானா?

— கீழே குறிப்பைப் படி.

— "நீ: எஞ்சின் நீர் பிடிக்க மட்டும் நிற்கும், ஏறவும் இறங்கவும் அனுமதி இல்லை. நி: நிறுத்தம், ஏறலாம், இறங்கலாம்." அக்கா.

— ம்.

— ரெண்டு புத்தகத்துக்கும் நடுவுல ஆணை ஒண்ணும் வரலையா?

— வரல.

— அப்போ எழுத்து எப்படி மாறிச்சு? நெடில் இருக்கணும், குறில் இருக்கு. அப்போ இந்த ஸ்டேஷனே ஒரு அச்சுப்...

— வண்டிச் சத்தம் கேக்குது. எழுந்து போ. உன் சட்டைப் பொத்தான் மேலும் கீழுமா மாட்டியிருக்கு, சரி பண்ணிக்கோ.

— இந்த நேரத்துலயும் பிழை திருத்தணுமா உனக்கு? ... சார், வாங்க சார். பாத்து, பாத்து. மேடை அங்கேயே முடிஞ்சிடுச்சு. குதிச்சுடுங்க.

— இவ்வளவு உயரமா இருக்கே.

— எழுபது வயசுக்காரங்க தினம் குதிக்கிறாங்க சார். கையைக் குடுங்க. அவ்வளவுதான்.

— முழங்கால் பிசகாம இருந்தா சரி. நான் போக்குவரத்துப் பிரிவு ஆய்வாளர். ஏஜெண்ட் நீங்கதானே? எனக்குப் பன்னண்டேகால் வண்டியில திரும்பணும், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

— உள்ள வாங்க சார். இவங்க எங்க அக்கா. ரயில்வே அச்சகத்துல ப்ரூஃப் பாத்து ரிட்டையர் ஆனவங்க.

— அச்சகத்துலயா? அங்க 'பிழையறியாப் பேனா'ன்னு ஒருத்தங்க இருந்தாங்கன்னு எங்க பழைய தலைமை எழுத்தர் சொல்லுவார். ஓய்வு பெற்றப்ப செப்புத் தகட்டுல அப்படியே வெட்டிக் குடுத்தாங்களாமே.

— இவங்களேதான் சார்.

— அது முன்னால சொல்ற பேர். முதுகுக்குப் பின்னால 'ஒற்றுப் பிசாசு'. உக்காருங்க ஐயா. சுவரோட சாய்ஞ்சு உக்காருங்க.

— சாய்ஞ்சுட்டேன். சரி, ஏஜெண்ட். ஆணை பதிவுல இருக்கா?

— சார், ஆணைன்னு பாத்தா... வரலாற்றுக் குறிப்பு ஒண்ணு தயார் பண்ணியிருக்கேன். ரொம்ப காலத்துக்கு முன்னாடி, ஏரியோட எழிலைக் கண்டு மயங்கி...

— தம்பி.

— ... யாரும் மயங்கல சார். அந்தக் காயிதத்தை விட்டுடுங்க. வாயாலயே சொல்லிடறேன்.

— பதிவுல இல்லாததை நான் கேட்டு என்ன பண்றது? சரி, சொல்லுங்க.

— எங்க அப்பா இங்க தண்ணித் தொட்டிக்காரர் சார். அதோ, கொடி ஏறிக் கிடக்குதே, அந்தத் தொட்டிதான். கரி எஞ்சின் வந்து நிக்கும். அப்பா குழாயை இழுத்துத் திருப்பி எஞ்சின் வயித்தை நிரப்புவார். பதினோரு நிமிஷம். அதுக்குள்ள யாரும் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. கம்பி வேலி போட்டிருந்தாங்க. ஊரே வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு, அந்தப் பக்கம் நிக்கிற ரயிலைப் பாக்கும்.

— மொத்தம் ஒன்பது இடம் அப்படி இருந்தது ஐயா, இந்தப் பாதையில. ஒன்பதுக்கும் அட்டவணையில ஒரே எழுத்து.

— எங்க வீடு வேலியை ஒட்டி இருந்தது. அக்கா அப்போ நகரத்துல அச்சகத்துல சேர்ந்து ஒரு வருஷம். சனிக்கிழமை வீட்டுக்கு வருவா. ரயில் எங்க வீட்டு வாசல்லயே வந்து நிக்கும். ஜன்னல் வழியா அம்மாவும் அவளும் பேசிக்குவாங்க. 'சாப்பிட்டியா', 'இளைச்சுட்டியே', எல்லாம் பதினோரு நிமிஷத்துல. அப்புறம் வண்டி கிளம்பிடும். இவ ஜங்ஷன்ல இறங்கி, ஏழு மைல் நடந்து, பொழுது சாயற நேரத்துக்கு அதே வாசலுக்கு வருவா. அம்மா முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க: 'சாப்பிட்டியா'.

— அம்மாவுக்கு என்னை ரெண்டு தடவை வரவேத்த மாதிரி. அதுல ஒரு குறையும் இல்ல.

— குறை இருந்தது சார். அப்பா போன அன்னைக்கி...

— அது வரலாற்றுல வேண்டாம், தம்பி.

— வேண்டாம்னா விட்டுடறதா? சார், காலையில அப்பா போயிட்டார். மேல் ஆபீசுக்குத் தந்தி குடுத்தோம், பதில் ஆள் வரல. எஞ்சின் காத்திருக்குமா? நான் பதினேழு வயசு. அப்பாவை வாசல்ல கிடத்திட்டு நான்தான் போய்க் குழாயைத் திருப்பினேன். அந்த வண்டியில அக்கா இருந்தா. யாரோ சொல்லியனுப்பி, கிடைச்ச வண்டியில ஏறி வந்தவ. அவ பெட்டி எங்க வாசலுக்கு நேரே நின்னுச்சு. வாசல்ல கூட்டம். கார்டு கதவுல கையைக் குறுக்கே வெச்சுக்கிட்டு, 'இது நீருக்கு நிக்கிறது தாயி, ஆளுக்கு இல்ல'ன்னுட்டார். கெட்ட மனுஷன் இல்ல சார் அவர். விதி. நான் குழாயைப் பிடிச்சுக்கிட்டு இவளைப் பாக்கறேன், இவ அப்பாவைப் பாக்கறா. பதினோரு நிமிஷம். இவ நடந்து வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

— தண்ணி குடிக்கிறீங்களா, ஐயா? குழாய்த் தண்ணி. ஏரித் தண்ணிதான், நல்லா இருக்கும்.

— வேண்டாம்மா. ... இது எப்போ?

— நாப்பத்தொரு வருஷம் சார். அது முடிஞ்சு ரெண்டே மாசம். ஒரு திங்கட்கிழமை. புதுப் பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருத்தங்க டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வேலியைத் தாண்டி வந்து நின்னாங்க. கையில புது டைம்டேபிள், நீல அட்டை. அதே கார்டு. 'இங்க ஏறக்கூடாதும்மா'ன்னார். டீச்சரம்மா புத்தகத்தைப் பிரிச்சு அவர் மூக்குக்கு நேரே நீட்டினாங்க. 'இது என்ன எழுத்து, படிங்க'. 'நி'. 'நி-ன்னா என்ன, கீழே பாத்துச் சொல்லுங்க'. பாடம் எடுக்கிற மாதிரியே கேட்டாங்க சார். கார்டு எஞ்சின் வரைக்கும் நடந்து போய் டிரைவர்கிட்டக் காட்டினார். ரெண்டு பேரும் எழுத்தை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாங்க. எண்ணெய்க் கையால தடவிக்கூடப் பாத்தாங்க. திரும்பி வந்து, பெட்டியைத் தானே தூக்கி உள்ள வெச்சு, 'அச்சுல இருக்கு, ஏறிக்கோங்க'ன்னார்.

— கால அட்டவணைதான் கார்டுக்கு வேதம், ஐயா. அவர் அதுக்குப் பணிஞ்சவர். முன்னாலயும் பணிஞ்சார், பின்னாலயும் பணிஞ்சார்.

— மறுநாள் பதினோரு பேர். அந்த வாரக் கடைசியில வேலியை யாரோ பிடுங்கிட்டாங்க. யாருன்னு கேக்காதீங்க சார். வேலிக் கல்லை அடுக்கித்தான் இந்த மேடை. டிக்கெட் குடுக்க ஆள் வேணுமேன்னு ஜங்ஷன்லேருந்து ஒரு கட்டு அனுப்பினாங்க. அன்னைக்கு உக்காந்தவன் நான், இன்னும் எந்திரிக்கல.

— எல்லாம் சரி. கதை கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டைம்டேபிள்ல அந்த எழுத்து எப்படி வந்தது? அதுக்கு மூலம் பதிவுல இருக்கா?

— இந்த ரெண்டு புத்தகத்தையும் பாருங்க, ஐயா. பன்னண்டாம் பக்கம், எட்டாவது வரி. சிவப்பை முதல்ல.

— நீ... இதுல நி... ஓ. ... ஓஹோ. அச்சுப்பிழை.

— நெடில் இருந்த இடத்துல குறில் இருக்கு. ஒரு மாத்திரை குறைவு.

— மாத்திரையா? தையல்காரர் தினம் பதினாலு போட்டுக்கிறார்.

— அந்த மாத்திரை இல்ல, தம்பி. ஒரு தடவை கண் இமைக்கிற நேரம். குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு. அந்த அளவு மேல நின்னுதான் இத்தனை பாட்டும் இத்தனை துதியும் நம்ம கைக்கு வந்திருக்கு. ஒரு இமைப்பு கூடினாலும் குறைஞ்சாலும் பொருள் வேறாயிடும்.

— ஒரு இமைப்பு குறைஞ்சதுல ஒரு ஊருக்கு ரயில் நின்னிருக்கு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல நான் இப்படி ஒண்ணு பாத்ததில்ல. மத்த எட்டு இடமும் என்ன ஆச்சும்மா?

— டீசல் எஞ்சின் வந்ததும் நீர் வேண்டியிருக்கல. 'நீ'ன்னு போட்டிருந்த எட்டு வரியையும் அட்டவணையிலிருந்து எடுத்துட்டாங்க. தொட்டி இருக்கு, பாசி இருக்கு, ரயில் நிக்கல. இது ஒண்ணுதான் தப்பிச்சுது.

— சார், அப்போ எங்க நிறுத்தம்... பிழையினால வந்ததுன்னா செல்லாதா? உள்ளதைச் சொல்லிட்டோம். அந்த மன்னரையே வெச்சிருக்கலாம் போல.

— கொஞ்சம் இருங்க. பதறாதீங்க. எங்க விதிப்புத்தகத்துல ஒரு பழைய விதி உண்டு. யாரும் எடுத்துப் பாக்கிறதில்ல, ஆனா பதிவுல இருக்கு. அச்சான கால அட்டவணையில ஒரு பிழை வந்து, பன்னண்டு வருஷத்துக்கு யாரும் அதைத் திருத்தாம, வண்டியும் அதன்படியே ஓடியிருந்தா, அது வழக்கம் ஆயிடும். வழக்கம் ஆணைக்குச் சமம்.

— நாப்பத்தொண்ணு சார். பன்னண்டு மூணு தடவை தாண்டிடுச்சு.

— ஆனா அது அறியாம நேர்ந்ததுன்னு தெரியணும். உள்நோக்கத்தோட யாராவது மாத்தியிருந்தா அது மோசடி. மோசடிக்கு எத்தனை வயசானாலும் வழக்கம் ஆகாது. அதனால, அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பா இருந்தவங்க எழுத்துல ஒரு வாக்குமூலம் குடுக்கணும். அச்சுக்கோத்தவர் இருக்காரா?

— போய்ப் பதினஞ்சு வருஷம் ஆகுது. நல்ல மனுஷன். கண்ணை மூடிக்கிட்டு எழுத்தறைக்குள்ள கையை விட்டா வேண்டிய எழுத்து விரலுக்கு வரும்.

— ப்ரூஃப் பாத்தவர்? அம்மா, இந்தப் பக்கத்துக்கு ப்ரூஃப் பாத்தது யாருன்னு தெரியுமா?

— நான்தான், ஐயா.

— ஐயோ அக்கா. வேண்டாம் சார். வேற வழி பாருங்க. அந்தச் செப்புத் தகடு எங்க வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கு. ஒரு பிழைகூட விடாதவன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன். அவ கையால அவ பேர்லயே...

— நீ சும்மா இரு. எழுதித் தர்றேன், ஐயா. காயிதம் குடுங்க.

— நான் சொல்றேன், எழுதிக்குங்கம்மா. "என் கவனக்குறைவால் அறியாமல் நேர்ந்த அச்சுப்பிழை." அவ்வளவு போதும். ஒரு வரி, கீழே கையெழுத்து.

— கவனக்குறைவுன்னு எழுத மாட்டேன்.

— அக்கா.

— என் வாழ்நாள்ல எந்தப் பக்கத்தையும் அந்தப் பன்னண்டாம் பக்கத்தைப் போல கவனமாப் பாத்ததில்ல.

— அவ்வளவு கவனமாப் பாத்தும் கண்ணுல மண்ணைத் தூவிட்டுப் போயிருக்கு பாத்தீங்களா? பிழையோட குணமே அதுதாம்மா. சரி, கவனக்குறைவு வேண்டாம். "அறியாமல் நேர்ந்த பிழை"ன்னு போடுங்க.

— பிழைன்னும் எழுத மாட்டேன்.

— அக்கா, தையல்காரரை நெனச்சுப் பாரு.

— அவரைத்தான் நெனக்கிறேன்.

— பின்னே என்ன? நாப்பத்தொரு வருஷம் கழிச்சு ஒரு எழுத்துக்கு இவ்வளவு ரோஷமா? சார், மன்னிச்சுக்குங்க. சின்ன வயசுல இவ தலையில ரெட்டைச் சுழி. அம்மா அப்பவே சொல்லுவாங்க, பிடிச்ச பிடியை விட மாட்டான்னு.

— பரவாயில்ல ஏஜெண்ட். ஒவ்வொருத்தருக்கும் ஒரு மானம். எங்க அப்பா கடிகாரம் பழுது பாத்தவர். 'நின்னுபோச்சு'ன்னு சொல்ல மாட்டார், 'ஓய்வுல இருக்கு'ம்பார். அம்மா, உங்க வார்த்தையிலயே எழுதுங்க. எனக்கு வேண்டியது ரெண்டே ரெண்டுதான். 'அறியாமல்'ங்கிற சொல் இருக்கணும். பொறுப்பு உங்களுதுன்னு இருக்கணும். அது இருந்தா, பிழைங்கிற சொல்லை எங்க ஆபீஸ் குறிப்புல நானே எழுதிக்கிறேன். அது என் எழுத்து, உங்க தலையில விழாது.

— கொஞ்ச நேரம் குடுங்க.

— எடுத்துக்கோங்க. வண்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.

— சார், வெளியில வந்து ஏரியைப் பாருங்க. அவ எழுதறப்ப பக்கத்துல நின்னா ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு ஒற்று போடுவா.

— எவ்வளவு பெரிய ஏரி. அந்தக் கரை தெரியவே இல்லையே.

— சும்மா சொல்லக்கூடாது சார், மழைக்காலத்துல மேடை வரைக்கும் அலை வரும். போன வருஷம் பெஞ்சுக்குக் கீழ மீன் துள்ளிச்சு. டிக்கெட் கேட்டேன், பதில் சொல்லல.

— இதையெல்லாம் எழுதி வையுங்க. மன்னரை விட்டுட்டு.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— மேசை மேல கிடந்தது, படிச்சேன். இந்தப் பாதையில நான் பாத்த அஞ்சு நிறுத்தத்துல மூணுக்கு மன்னர் இருக்கார். ஒருத்தர் வேட்டையாட வந்தார், ஒருத்தர் வழி தவறி வந்தார். தண்ணி குடிக்க வந்தவர் உங்க ஆள்தான் முதல்.

— எழுதிட்டேன், ஐயா.

— படிச்சே காட்டிடுங்கம்மா.

— "நாற்பத்தோர் ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த கால அட்டவணையின் பன்னிரண்டாம் பக்கத்து எட்டாம் வரியில், முன்னம் நெடிலாய் நின்ற எழுத்து, குறிலாய் அச்சேறிற்று. அச்சகத் தலைமையும் இரயில்வே தலைமையும் அறியாமல் நிகழ்ந்தது இது. அப்பக்கத்தின் மெய்ப்பைப் பார்த்துக் கையொப்பமிட்டவள் நான். அதன் முழுப்பொறுப்பும் என்னுடையதே. வேறெவருக்கும் அதில் பங்கில்லை."

— பிரமாதம்மா. 'தலைமை அறியாமல்'ன்னு போட்டது இன்னும் நல்லதாப் போச்சு. எங்க மேல் அதிகாரிகளும் அதுக்குள்ள அடங்கிடறாங்க, யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க. கையெழுத்து?

— போட்டாச்சு. தேதியும் போட்டாச்சு.

— எவ்வளவு அழகான எழுத்து. அடித்தல் திருத்தல் ஒண்ணும் இல்ல. ஏஜெண்ட், இந்த ரெண்டு புத்தகத்தையும் இணைப்பா எடுத்துக்கிட்டுப் போறேன். ரசீது தந்துடறேன்.

— எடுத்துக்கோங்க சார். அப்போ... அப்போ என்ன சார் முடிவு?

— என் அறிக்கையில எழுதப்போறதை இப்பவே சொல்லிடறேன். "நாற்பத்தோராண்டு வழக்கத்தால் நிலைபெற்ற நிறுத்தம். தொடரலாம்." அதுக்கு மேல ஒரு கையெழுத்துதான் பாக்கி, அது சடங்கு. அடுத்த டைம்டேபிள்ல உங்க ஏரி இருக்கும். பக்கத்துல அதே குறில் இருக்கும்.

— சார். இப்பவே ஓடிப் போய்த் தையல்காரர்கிட்டச் சொல்றேன்.

— சொல்லுங்க. மேடைக்கு இன்னும் ஒரு பெட்டி நீளம் கேட்டு ஒரு மனு எழுதுங்க. நான் முழங்காலோட சாட்சி சொல்றேன். அக்காகிட்டக் குடுத்துத் திருத்தி அனுப்புங்க. வண்டி வந்துடுச்சு. வரேம்மா. உங்களைப் பாத்ததை எங்க தலைமை எழுத்தர்கிட்டச் சொல்வேன். அந்தப் பட்டப்பேருக்கு ஒரு பழுதும் வரல, என்னைக் கேட்டா.

— நல்லபடியாப் போய் வாங்க, ஐயா.

— பாத்து ஏறுங்க சார், முதல் பெட்டிதான் மேடைக்கு நேரா நிக்குது. ... போயிட்டார் அக்கா. தங்கமான மனுஷன். சும்மா சொல்லக்கூடாது, உண்மையைச் சொல்லி ஜெயிக்கலாம்னு எனக்கு அறுபது வயசுக்குப் பக்கத்துலதான் தெரியுது.

— மனுவை இன்னைக்கே எழுது. ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னு விட்டுடாதே.

— எழுதறேன். ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.

— கேளேன்.

— நீ பண்ணினது பெரிய காரியம். நான் மறுக்கல. பொறுப்பை உன் தலையில ஏத்துக்கிட்டே. ஆனா ஒரே ஒரு சொல், அக்கா. அந்தப் பிழையால ஒரு ஊரே பிழைச்சுக் கிடக்கு. அதைப் பிழைன்னு எழுத உனக்குக் கை வரலையே. அந்த அதிகாரி நல்லவரா இருக்கப்போய் விட்டுக் குடுத்தார். வேற ஒருத்தரா இருந்தா எழுந்து போயிருப்பார், ஸ்டேஷனும் போயிருக்கும். அந்தச் செப்புத் தகட்டு மேல அவ்வளவு பெருமையா உனக்கு?

— பெருமைதான். தகட்டு மேல இல்ல.

— பின்னே?

— எழுத்து பொய் சொல்லக்கூடாதுன்னு காலையிலேயே உன்கிட்டச் சொன்னேன். நான் குடுத்த காயிதத்துல ஒரு சொல்கூடப் பொய் இல்ல, திருப்பித் திருப்பிப் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பிழைன்னு எழுதியிருந்தா அது ஒண்ணு பொய்யாப் போயிருக்கும்.

— புரியல அக்கா. நெடிலுக்குப் பதிலாக் குறிலைக் கோத்தது அந்தக் கம்பாசிட்டரோட பிழை. அதைக் கண்டுபிடிக்காம விட்டது உன்னோட பிழை. இதுல பொய் எங்கே இருக்கு?

— அப்பா போய்ப் பதினெட்டாம் நாள் அந்த மெய்ப்பு என் மேசைக்கு வந்தது, தம்பி. கம்பாசிட்டர் எட்டாவது வரியில நெடிலாத்தான் கோத்திருந்தார். அதைக் குறிலா மாத்தச் சொல்லி ஓரத்துல குறி போட்டது நான்.